தானே பிரேக் போடும் கார்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

சொந்தத்தில் யார் கார் வாங்கினாலும், முன்பணம் கட்டுவதற்கு முந்தின நாள் ராத்திரி எனக்கு ஒரு போன் வரும். முன்பெல்லாம் மைலேஜும் ரீசேலும்தான் பேச்சு. இரண்டு மூன்று வருடமாகக் கேள்வி மாறிவிட்டது: "அடாஸ் வைத்த மாடலுக்கு ஒன்றேகால் லட்சம் கூடக் கேட்கிறான், எடுக்கலாமா?" அடாஸ் என்றால் தானாகப் பிரேக் போடுவது போல, ஓட்டுகிறவருக்கு உதவும் கருவிகளின் தொகுப்பு. ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் மெக்கானிக்கும் இல்லை, டீலரும் இல்லை. செங்கல்பட்டுக்கும் திருச்சிக்கும் நடுவே மாதம் இரண்டு தடவை ஓட்டுகிறவன், வண்டியோடு தரும் மேனுவலைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற கெட்ட பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான்.

ஆக்டிவ் சேஃப்டி என்றால் என்ன? ஏர்பேக்கும் அதில் சேர்த்தியா?

சேர்த்தி இல்லை. சீட் பெல்ட், ஏர்பேக், நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும் முன்பகுதி இதெல்லாம் மோதிய பிறகு வேலை செய்பவை, பாஸிவ் சேஃப்டி. மோதலே நடக்காமல் பார்த்துக்கொள்வது, முடியாவிட்டால் மோதும் வேகத்தையாவது குறைப்பது ஆக்டிவ் சேஃப்டி. ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் பார்ப்பது), இ.எஸ்.சி. (வண்டி வழுக்கிச் சுற்றாமல் பார்ப்பது), தானாகப் பிரேக் போடுவது, லேன் விட்டு விலகினால் எச்சரிப்பது எல்லாம் இதில் வரும். ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் கார் வாங்காதீர்கள்.

ஏ.பி.எஸ். இருந்தால் பிரேக் சீக்கிரம் பிடிக்கும், அதுதானே?

பாதி பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஏ.பி.எஸ்.ஸின் முதல் வேலை வண்டியைச் சீக்கிரம் நிறுத்துவது இல்லை, பிரேக்கை அழுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்ப வழிவிடுவது. சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டால் டயர் வெறுமனே தேய்ந்துகொண்டு போகும், அப்போது ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும். ஏ.பி.எஸ். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் கவனித்து, பூட்டப்போகிற சக்கரத்துக்கு மட்டும் பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கிறது, நொடிக்குப் பல தடவை. ஈரமான தார் ரோட்டில் இதனால் நிற்கும் தூரமும் குறையும். ஆனால் ஜல்லி கொட்டிக் கிடக்கும் ரோட்டிலோ மணலிலோ தூரம் கூடக்கூடும், ஏனென்றால் அங்கே பூட்டிய சக்கரம் ஜல்லியை முன்னால் குவித்து அணைபோல ஆக்கிக்கொள்ளும், ஏ.பி.எஸ். அதற்கு விடாது.

1978-ல் போஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்துதான் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம் ஆனது. ஆகவே உங்கள் வண்டி அதற்குப் பிறகு வந்தது என்றால் ஏ.பி.எஸ். இருக்கிறதா என்று கேட்கவே வேண்டாம், அதை உபயோகிக்கத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

என் மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மழையில் முன்னால் போன டெம்போ சடாரென்று நிற்க, இவரும் ஓங்கி மிதித்திருக்கிறார். பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதைத்திருக்கிறது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டார். பம்பரும் ஒரு ஹெட்லைட்டும் போயிற்று. அந்தக் கடகடப்புதான் ஏ.பி.எஸ். வேலை செய்கிற சத்தம். அது வரும்போது இன்னும் அழுத்த வேண்டும், எடுக்கக் கூடாது. பழைய ஆட்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி விட்டு விட்டு மிதிக்கவும் கூடாது, அந்த வேலையை உங்களைவிட வேகமாக அது செய்துகொண்டிருக்கிறது. வண்டி எடுத்த முதல் மழையில், முன்னும் பின்னும் ஆள் இல்லாத நேரான ரோட்டில், 40-ல் போய் ஒரு தடவை முழுப் பலத்தோடு மிதித்துப் பாருங்கள். கால் அந்த உணர்வை ஒரு தடவை பழகிக்கொண்டால் போதும்.

இ.எஸ்.சி. என்று ஒன்று சொல்கிறார்களே, அது அவசியமா?

என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே அதுதான் அவசியம். ஷோரூமில் யாரும் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள், சன்ரூஃபைத் திறந்து மூடிக் காட்டுவதற்கே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கும்.

நம் நெடுஞ்சாலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடு மீடியனில் அரளிச் செடி வரிசையாக நிற்கும். 90-ல் போகிறீர்கள், அரளிக்குள்ளிருந்து ஒரு நாய் பாய்ந்து வருகிறது. யோசிக்க நேரமில்லை, கை தானாக இடது பக்கம் ஒடிக்கிறது, அடுத்த கணம் ரோட்டை விட்டு இறங்கிவிடுவோமே என்று வலது பக்கம் ஒடிக்கிறது. இந்த இரண்டாவது ஒடிப்பில்தான் வண்டியின் பின்பகுதி வழுக்கிக்கொண்டு சுற்றும். உயரமான வண்டி என்றால் உருண்டும் போகும். நாய் எப்போதோ போயிருக்கும்.

இ.எஸ்.சி. செய்வது எளிய காரியம். ஸ்டீயரிங்கில் உள்ள சென்சார் நீங்கள் எங்கே போக நினைக்கிறீர்கள் என்று சொல்லும். வண்டியின் நடுவே உள்ள இன்னொரு சென்சார், வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், நான்கில் ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வண்டியை உங்கள் வழிக்குத் திருப்பும், எஞ்சின் வேகத்தையும் குறைக்கும். பின்பகுதி வழுக்குகிறது என்றால் வளைவின் வெளிப்பக்க முன் சக்கரம். முன்பகுதி திரும்பாமல் நேராகப் போகிறது என்றால் உள்பக்கப் பின் சக்கரம். உங்களுக்கு ஒரே ஒரு பிரேக் பெடல்தான், அதற்கு நான்கு. எவ்வளவு கைதேர்ந்த டிரைவராக இருந்தாலும் ஒற்றைச் சக்கரத்துக்குப் பிரேக் போட முடியாது.

இதுவும் மெர்சிடிஸும் போஷும் 1995-ல் கொண்டுவந்ததுதான், விலை உயர்ந்த கார்களுக்கு மட்டும். சின்னக் கார்களுக்கு வந்த கதைதான் சுவாரசியம். 1997 அக்டோபரில் மெர்சிடிஸின் புத்தம் புதுச் சின்னக் கார் ஏ கிளாஸை ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று சோதித்தது. அந்த ஊரில் மூஸ் என்ற, எருமையை விட உயரமான மான் ரோட்டில் குறுக்கே வரும், அதைத் தவிர்க்க ஒடித்துத் திரும்பவும் ஒடிக்கிற சோதனை. கார் கவிழ்ந்துவிட்டது. உலகம் முழுக்கச் சிரித்தார்கள். நிறுவனம் விற்பனையை நிறுத்திவைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, எல்லா ஏ கிளாஸிலும் இந்தக் கருவியைப் பொருத்தி மறுபடி கொண்டுவந்தது. அதன் பிறகுதான் சின்னக் காருக்கும் இது வேண்டும் என்ற எண்ணம் பரவியது. அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் கட்டாயம், ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து. ஒற்றை வண்டி தானே கட்டுப்பாடு இழந்து உயிர் போகும் விபத்துகளின் அபாயத்தை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் கண்டறிந்தது. அடாஸ் தொகுப்பில் உள்ள எதுவும் இந்த இடத்தைப் பிடிக்கவில்லை.

என் வண்டியில் அது இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாவியைப் போட்டதும் மீட்டரில் எல்லா விளக்கும் ஒரு தடவை எரியும் அல்லவா, அதில் ஒரு கார் படமும் அதன் கீழே பாம்பு போல வளைந்த இரண்டு கோடும் உள்ள மஞ்சள் விளக்கு இருந்தால் பெரும்பாலும் இருக்கிறது. பெயர்தான் குழப்பும். ஒரு கம்பெனி இ.எஸ்.பி. என்னும், டொயோட்டா வி.எஸ்.சி. என்னும், ஹோண்டா வி.எஸ்.ஏ. என்னும், எல்லாம் ஒன்றே. டிராக்‌ஷன் கண்ட்ரோல் மட்டும் என்று போட்டிருந்தால் அது வேறு, சக்கரம் வீணாகச் சுழல்வதை மட்டும் தடுப்பது, அது முழு இ.எஸ்.சி. ஆகாது. பாரத் என்கேப் என்ற நம் நாட்டுக் கார் பாதுகாப்புச் சோதனையில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க வேண்டுமானால் இ.எஸ்.சி. வைத்தே ஆகவேண்டும் என்பதால் 2023-க்குப் பிறகு நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

80-ஐத் தாண்டினால் வேக எச்சரிக்கை கத்துகிறதே, அதைப் பிடுங்கிவிடலாமா?

2019 ஜூலையிலிருந்து எல்லாப் புதுக் காரிலும் அது சட்டப்படி இருக்கவேண்டும். 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டு, 120-ஐத் தாண்டினால் விடாமல் கத்தும். 120-ல் அது கத்துவது எரிச்சலாக இருக்கிறது என்றால் அதற்கு வலது காலிலேயே மருந்து இருக்கிறது.

அடாஸ் என்றால் தானாக ஓடும் காரா?

இல்லை. ஓட்டுகிறவருக்கு உதவி செய்யும் கருவிகளின் கூட்டம், அவ்வளவுதான். இங்கே "லெவல் 2" என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள், ஏதோ இரண்டாம் வகுப்புப் பாஸ் ஆன மாதிரி. 0-லிருந்து 5 வரை உள்ள வரிசையில் 2 என்றால், ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் வண்டி ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ளும், ஆனால் ரோட்டைப் பார்க்கிற பொறுப்பு ஒரு நொடி விடாமல் உங்களுடையது என்று பொருள். இடித்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறவரும் நீங்கள்தான், சாஃப்ட்வேர் எழுதியவர் வர மாட்டார்.

நம் நாட்டில் சொகுசு பிராண்டுகளை விட்டுவிட்டால் 2020-ல் எம்.ஜி. க்ளாஸ்டரோடு ஆரம்பித்தது, 2021-ல் மஹிந்திரா எக்ஸ்.யு.வி.700 வந்த பிறகு எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியது, 2024 டிசம்பரில் ஹோண்டா அமேஸ் போன்ற சின்ன செடான் வரை இறங்கிவிட்டது. நாலு வருடத்தில் இது பெரிய வேகம்தான்.

அது எதை வைத்துப் பார்க்கிறது?

முன் கண்ணாடியின் மேற்பகுதியில், பின்னால் வருவதைப் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா. முன் பம்பரிலோ கிரில்லிலோ சில வண்டிகளில் லோகோவுக்குப் பின்னாலேயோ ஒரு ரேடார். பின் பம்பரின் இரண்டு ஓரத்திலும் பக்கவாட்டைப் பார்க்கச் சின்ன ரேடார்கள். சில கார்கள் முன்பக்கத்துக்குக் கேமராவை மட்டுமே நம்பும், இங்கே விற்கும் ஹோண்டா சிட்டி அப்படித்தான்.

கேமரா ஆளா, மாடா, லாரியா என்று அடையாளம் கண்டுகொள்ளும், ஆனால் நம் கண் மாதிரியே இருட்டிலும் எதிர்வெயிலிலும் திணறும். ரேடாருக்கு இருட்டும் மூடுபனியும் ஒரு பொருட்டில்லை, முன்னால் உள்ளது எவ்வளவு தூரத்தில் எந்த வேகத்தில் நெருங்குகிறது என்று துல்லியமாகச் சொல்லும், ஆனால் அது என்ன பொருள் என்று சரியாகத் தெரியாது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. ரோட்டில் அசையாமல் நிற்கும் பொருள் ஆயிரம்: மேம்பாலம், ஊர்ப் பெயர்ப் பலகை, தடுப்புக் கம்பி. எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் ஊர் போய்ச் சேர முடியாது. அதனால் அசையாத பொருளிலிருந்து வரும் ரேடார் எதிரொலியைப் பல கருவிகள் அவ்வளவாக நம்புவதில்லை, கேமராவும் ஆமாம் என்று சொன்னால்தான் நடவடிக்கை. அதிகாலை நாலு மணிக்கு, பின்விளக்கு எரியாமல், பாதி ரோட்டில் நிறுத்தி வைத்த லாரி. ரேடார் சந்தேகப்படும், கேமராவுக்குத் தெரியாது. நாளிதழில் அடிக்கடி படிக்கிற அந்த விபத்துக்குத்தான் இந்தக் கருவி மிகக் குறைவாக உதவும். அதற்கு ஒரே மருந்து அந்த நேரத்தில் ஓட்டாமல் இருப்பது.

தானாகப் பிரேக் போடுமே, அப்படியானால் கண்டிப்பாக நின்றுவிடுமா?

கண்டிப்பாக இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். ஆபத்தைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால் 33 மீட்டர் அதிலேயே போச்சு. நல்ல டயர், காய்ந்த ரோடு, முழு பிரேக் என்றால் இன்னும் 31 மீட்டர். மொத்தம் 64. இப்போது நீங்கள் கவனிக்கவே இல்லை, வண்டிதான் பார்த்தது என்று வையுங்கள். மனிதர் சமாளித்துவிடுவார் என்று கடைசி வரை காத்திருந்துவிட்டு, மோத ஒரு நொடி இருக்கும்போது, அதாவது 22 மீட்டரில், முழு பிரேக் போடுகிறது. நிற்க 31 வேண்டும், இருப்பது 22. மோதும். ஆனால் 80-ல் மோதாது, 43-ல் மோதும். மோதலின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும், மிச்சத்தைப் பெல்ட்டும் ஏர்பேக்கும் பார்த்துக்கொள்ளும். நகரத்தில் 30, 40-ல் போகும்போது பெரும்பாலும் முட்டாமலே நின்றுவிடும். முன்னால் போகும் வண்டியின் பின்னால் இடிக்கிற விபத்துகளை இது பாதியாகக் குறைத்திருக்கிறது, இதுவும் அதே அமெரிக்கக் கழகத்தின் கணக்குதான்.

எனக்கே ஒரு தடவை உதவியது. பரனூர் டோலுக்குக் கொஞ்சம் முன்னால், ஃபாஸ்டாகில் காசு இருக்கிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தப்புதான். முன்னால் போன கார் லேன் மாற்றுவதற்காக நின்றுவிட்டது. முதலில் பீப் பீப் என்ற சத்தம், தலை நிமிர்வதற்குள் பெல்ட் நெஞ்சை இறுக்கியது, நான் பிரேக்கில் கால் வைத்தபோது வண்டி பாதி வேகத்துக்கு வந்திருந்தது. ஒரு முழம் இடைவெளியில் நின்றது. பக்கத்தில் இருந்த மனைவி திருச்சி வரை பேசவில்லை.

நம் ஊர் ட்ராஃபிக்கில் சும்மா சும்மா பிரேக் போட்டுப் பின்னால் வருகிறவர் இடித்துவிட மாட்டாரா?

நியாயமான பயம். பெருங்களத்தூரில் பைக்காரர் ஒருவர் இடது பக்கத்திலிருந்து குறுக்கே நுழைந்தார், நமக்கெல்லாம் பழகிப்போன விஷயம், நான் ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டேன். வண்டிக்கு அந்தப் பழக்கம் கிடையாது, ஓங்கி ஒரு பிரேக் போட்டது. பின் சீட்டில் இருந்த டிபன் கேரியர் கவிழ்ந்து சாம்பார் வாசனை இரண்டு வாரம் போகவில்லை. பின்னால் வந்த ஆட்டோ எப்படியோ ஒதுங்கிவிட்டது.

இப்போதைய வண்டிகள் இதில் தேறியிருக்கின்றன. ஒரகடத்தில் அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, செய்யாறில் மஹிந்திராவின் சோதனைத் தடம் இருக்கிறது. வெளிநாட்டு அமைப்பை அப்படியே இறக்காமல் இங்குள்ள குறுக்கே நுழைகிற பைக்குக்கும் எதிர்த்திசையில் வருகிற டிராக்டருக்கும் ஏற்பப் பக்குவப்படுத்துகிறார்கள். நீங்கள் செய்யக்கூடியது, செட்டிங்ஸில் எச்சரிக்கை நேரத்தை "தாமதம்" என்று வைப்பது. அப்போது பதற்றம் குறையும். நகரத்துக்குள், வண்டியை லேனுக்குள்ளேயே பிடித்துவைக்கும் லேன் கீப்பை அணைத்துவைப்பதில் தப்பில்லை. தானியங்கி பிரேக்கை மட்டும் அணைக்காதீர்கள். பின்னால் வருகிறவர் பம்பரை முட்டுவார் என்ற பயத்தில், முன்னால் பைக்கில் போகிறவர் மேல் ஏற்றும் வாய்ப்பை விட்டுவைப்பது எந்தக் கணக்கிலும் சரியாக வராது. 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர், அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர், விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் நாம்தான் முதலிடம்.

ராத்திரியில் நடந்து போகிறவரைக் கண்டுபிடிக்குமா? மாடு?

தெருவிளக்கு இருந்தால் ஓரளவுக்கு. முன்னே சொன்ன அமெரிக்கக் கழகம் 2022-ல் இதைத் தனியாக ஆராய்ந்தது: பாதசாரிகளைப் பார்த்து நிற்கும் கருவி உள்ள கார்கள் பாதசாரிகள் மேல் மோதுவது மொத்தத்தில் 27 சதவீதம் குறைவு, ஆனால் விளக்கில்லாத இருட்டு ரோட்டில் எந்த வித்தியாசமும் இல்லை. விழுப்புரம் தாண்டி ராத்திரி ஓட்டுகிற எல்லோரும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே உங்கள் ஹெட்லைட்டும் உங்கள் கண்ணும்தான்.

மாட்டைப் பொறுத்தவரை, இந்தக் கருவிகளை மதிப்பிடும் பெரிய சோதனைகளில் நிறுத்திவைப்பது கார், ஆள், குழந்தை, சைக்கிள், பைக் பொம்மைகளைத்தான். மாட்டை அடையாளம் காணும் என்று எழுதிக் கொடுத்தால் சந்தோஷம், எழுதிக் கொடுக்காவிட்டால் காணாது என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

ஸ்டீயரிங் தானாக இழுக்கிறது, பயமாக இருக்கிறது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, நீங்கள் இண்டிகேட்டர் போடவில்லை. லேன் கீப் கேமராவால் வெள்ளைக் கோட்டைப் பார்க்கிறது. இண்டிகேட்டர் இல்லாமல் கோட்டைத் தாண்டினால், தூங்கி வழிகிறார் என்று நினைத்துத் திரும்ப உள்ளே தள்ளுகிறது. இண்டிகேட்டர் போட்டால் பேசாமல் விட்டுவிடும். அப்பாவுக்கு நாற்பது வருடமாக வராத இண்டிகேட்டர் பழக்கம் இந்தத் தள்ளுதலால் ஒரே மாதத்தில் வந்துவிட்டது, அதற்காகவே எனக்கு இந்தக் கருவி மேல் மரியாதை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மேம்பால வேலை நடக்கும் இடங்களில் பழைய கோடும் புதுக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், கான்கிரீட் தடுப்பை வேறு நடுவில் வைத்திருப்பார்கள். வண்டி பழைய கோட்டைப் பிடித்துக்கொண்டு தடுப்பின் பக்கம் இழுக்கலாம். அந்த மாதிரி இடம் வந்தால் பட்டனை அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்துவிட்டாலும் பயம் வேண்டாம், ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்தால் உங்கள் கையே ஜெயிக்கும்.

அடாப்டிவ் க்ரூஸ் நம் ஊருக்கு ஒத்துவருமா?

உளுந்தூர்பேட்டைக்கும் திருச்சிக்கும் நடுவே ரோடு காலியாக இருக்கும்போது சொர்க்கம். முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விட்டுத் தானாகவே வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கூட்டத்தில் எரிச்சல்தான் மிஞ்சும், ஏனென்றால் நம் ஊரில் இரண்டு வண்டிக்கு நடுவில் இடைவெளி என்பது யாராவது வந்து நிரப்புவதற்காக விட்ட இடம். நிரப்புவார், வண்டி பின்வாங்கும், இன்னொருவர் நிரப்புவார்.

எவ்வளவோ இருக்கிறதே, தினமும் உபயோகப்படுவது எது?

பெரிய பேச்சில்லாத இரண்டு. ஒன்று பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை, கண்ணாடியில் தெரியாத மறைவில் வண்டி வந்தால் பக்கக் கண்ணாடியில் சின்ன மஞ்சள் விளக்கு எரியும், இடது பக்கத்தில் முந்தும் பைக்குகளுக்காகவே செய்த மாதிரி. இன்னொன்று கதவு திறக்கும்போது எச்சரிப்பது. கடைத்தெருவில் ஓரமாக நிறுத்தி, பின் சீட்டில் இருந்து பிள்ளைகள் படாரென்று கதவைத் திறக்க, வருகிற ஸ்கூட்டர்காரர் அதில் மோதி விழுவது எவ்வளவு நடக்கிறது. பின் ரேடார் அதைப் பார்த்துக் கத்தும், சில வண்டிகளில் சைல்டு லாக்கை விடவே விடாது. ரிவர்ஸில் வெளியே வரும்போது குறுக்கே வருவதைச் சொல்கிற வசதியும் இதே ரேடார்தான்.

முன் கண்ணாடி உடைந்தது, வெளியில் பாதி விலைக்கு மாற்றித் தருகிறார்கள். மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் கேமராவைத் திரும்ப அளவு பிடிக்க வேண்டும், கேலிபிரேஷன் என்பார்கள். ஏன் என்று கேட்டால், கேமரா ஒரே ஒரு டிகிரி திரும்பி உட்கார்ந்தாலும் 100 மீட்டர் தூரத்தில் அது ஒன்றே முக்கால் மீட்டர் பிசகு. நெடுஞ்சாலை லேன் மூன்றரை மீட்டர் அகலம், அதாவது பாதி லேன் தள்ளிப் பார்க்கும். பம்பர் மாற்றினாலும், ரேடார் இருக்கும் இடத்தில் இடி வாங்கினாலும் இதே கதைதான். என் நண்பர் ஒருவருக்கு, பெயர் சொல்ல வேண்டாம், ஒரு சர்வீஸ் சென்டரில் கண்ணாடியை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்கள், மூன்று வாரம் கழித்து நேரான ரோட்டில் வண்டி இடது பக்கமே ஒண்டிப் போவதைப் பார்த்துத்தான் தெரிந்தது. பில்லில் கேலிபிரேஷன் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அப்புறம் அந்த இரும்பு பம்பர் கார்டு, அது ரேடாரை மறைக்கும் என்பது இருக்கட்டும், அதை மாட்டுவதே சட்டப்படி கூடாது.

பழைய காரில் இதையெல்லாம் பொருத்த முடியுமா?

கண்ணாடியில் ஒட்டுகிற கேமரா கிடைக்கிறது, கத்தும், பிரேக் போடாது. அந்தக் காசுக்கு நாலு நல்ல டயர் வாங்குங்கள். ஏ.பி.எஸ்., இ.எஸ்.சி., தானியங்கி பிரேக் எல்லாமே கடைசியில் ரோட்டைத் தொடுவது உள்ளங்கை அகலமுள்ள நாலு ரப்பர் துண்டு வழியாகத்தான். டயரின் பட்டன், அதாவது மேலே உள்ள வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் சட்டப்படியே டயர் முடிந்தது, மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது.

பட்ஜெட் குறைவு. எதை விட்டுக்கொடுக்கலாம்?

சன்ரூஃப், பெரிய ஸ்க்ரீன், சீட்டுக்குக் காற்று, அலாய் வீல். இ.எஸ்.சி.யும் ஆறு ஏர்பேக்கும் உள்ள நடு மாடல் கிடைத்தால் முதலில் அதைப் பிடியுங்கள். அதற்கு மேல் கையில் காசு இருந்தால், அல்லது வீட்டில் அறுபதைத் தாண்டியவர் ஓட்டுகிறார் என்றால், தானியங்கி பிரேக்கும் பிளைண்ட் ஸ்பாட்டும் உள்ள மாடலுக்குப் போங்கள். மாதம் 300 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு லேன் கீப்புக்காகப் பணம் கொடுப்பது வீண்.

மழையில் "முன் சென்சார் மறைக்கப்பட்டுள்ளது" என்று வருகிறதே?

கொட்டுகிற மழையில் கேமராவுக்கு எதுவும் தெரியாது, அதனால் நேர்மையாகச் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது. மழை விட்டதும் தானாகவே வரும். சேறு அடித்திருந்தால் இறங்கித் துடையுங்கள்.

வெயில் நாளிலும் இது வரலாம். போன ஆயுத பூஜைக்கு மறுநாள் சித்தப்பா பதறிப்போய் போன் செய்தார், புது வண்டி, அடாஸ் மொத்தமும் போய்விட்டது, சர்வீஸ் சென்டரில் நாலு நாள் கழித்து வரச் சொல்கிறார்கள் என்று. போய்ப் பார்த்தால் கண்ணாடியின் மேல் நடுவில், சரியாகக் கேமராவுக்கு முன்னால், மூன்று விரல் பட்டையாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். கீழே கிரில் லோகோவை மூடி, தண்ணீர் தெளித்த கனமான சாமந்தி மாலை, அதற்குப் பின்னால்தான் ரேடார். ஈரத் துணியால் துடைத்து, மாலையை பானெட் மேல் ஏற்றிக் கட்டினேன், இரண்டு கிலோமீட்டர் ஓட்டியதும் விளக்கு அணைந்தது. பூஜை தாராளமாகச் செய்யுங்கள். பொட்டைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் வையுங்கள், மாலையை லோகோவுக்கு மேலே கட்டுங்கள். எலுமிச்சம்பழத்தால் ஒரு தொந்தரவும் இல்லை, அது டயருக்குக் கீழேதானே.